எல்லையில் கைரேகை: இரண்டு விரலா, நான்கா, பத்தா, இல்லை முகமும் கண்ணுமா?

வெளிநாட்டுப் பயணியின் விரலைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லும் நாடுகளின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. அமெரிக்கா 2004 ஜனவரி 5-ல் தொடங்கியது. ஜப்பான் 2007 நவம்பர் 20-ல், மலேசியா 2011-ல், தென் கொரியா 2012-ல், சிங்கப்பூர் 2016-ல் தொடர்ந்தன. 2025 அக்டோபர் 12 முதல், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியின் 29 நாடுகள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதைப் படிப்படியாக விட்டு, விரலுக்கும் முகத்துக்கும் மாறின.

பெயர் ஒன்றானாலும் இவர்கள் செய்வது ஒரே வேலை இல்லை. ஜப்பான் இரண்டு ஆட்காட்டி விரல்களைக் கேட்கிறது. சிங்கப்பூர் கட்டைவிரல்களில் தொடங்கியது. ஐரோப்பா ஒரு கையின் நான்கு விரல்களை எடுக்கிறது. அமெரிக்கா இரண்டில் தொடங்கிப் பத்துக்குப் போனது. ஐக்கிய அரபு அமீரகம் 2000-களின் தொடக்கத்திலேயே கண்ணை நம்பியது. எது சரி என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முடிவு செய்தால், எத்தனை விரல் என்பது தானாக விழும்.

கருவியிடம் கேட்கக்கூடிய மூன்று கேள்விகள்

விசா வாங்கியவர்தான் வந்து நிற்கிறாரா? இது முதல் கேள்வி. ஒருவருடைய ரேகையை அவரே முன்பு கொடுத்த ரேகையோடு மட்டும் ஒப்பிடுவது. சுலபமான வேலை, ஒன்றிரண்டு விரல் போதும்.

முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர், தேடப்படுகிறவர், இன்று வேறு பெயரில் புதுப் பாஸ்போர்ட்டோடு வந்திருக்கிறாரா? இது இரண்டாவது. இங்கே ஒரு ரேகையை லட்சக்கணக்கான ரேகைகளுக்குள் தேட வேண்டும். பட்டியல் பெருக்கப் பெருக்கத் தவறும் பெருகும். விரல் எண்ணிக்கை முக்கியமாவது இங்கேதான்.

மூன்றாவது, வந்தவர் போய்விட்டாரா? இதற்கு வாசலில் எடுக்கும் ரேகை பாதி வேலைதான். வெளியேறும் இடத்திலும் ஒரு பதிவு இல்லாவிட்டால் அந்தப் பாதியும் வீண்.

இவர் தீங்கு செய்ய வந்திருக்கிறாரா என்ற நான்காவது கேள்விக்கு எந்த ஸ்கேனரும் பதில் சொல்லாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் இந்தத் திட்டங்களுக்குப் பணம் கேட்கும்போது மக்கள் மனதில் இருப்பது இந்தக் கேள்விதான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரும் அமெரிக்க விசாவோடு நாட்டுக்குள் வந்தவர்கள். அவர்களில் இருவரைப் பற்றி 2000-லேயே சிஐஏவுக்குத் தெரியும். ஆனால் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் ஏறியது 2001 ஆகஸ்டில்தான். அதற்குள் இருவரும் நாட்டுக்குள் இருந்தார்கள். பட்டியல் போய்ச் சேர வேண்டிய மேசைக்குச் சேராததுதான் ஓட்டை. கருவி வாங்கும் முன், அதன் பின்னால் நிற்கப்போகும் பட்டியலை யார் தருவார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், தவறாக ஏறிய பெயரை யார் எடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

இரண்டு, நான்கு, பத்து

அமெரிக்கத் தர ஆய்வு நிறுவனமான நிஸ்ட் 2003-ல் பல நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தது. பத்தாயிரத்தில் ஒரு தவறான பொருத்தம் என்ற அளவுக்குள் இருந்தபடி, மிகச் சிறந்த மென்பொருள் ஒரு விரலில் 98.6 சதமும், இரண்டு விரலில் 99.6 சதமும், நான்கும் அதற்கு மேலும் உள்ள விரல்களில் 99.9 சதமும் சரியாகக் கண்டுபிடித்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது கிடைக்கும் லாபம் பெரிது. நான்குக்குப் பிறகு லாபம் குறுகிவிடுகிறது. ஐரோப்பா நான்கில் நின்றதற்கு இந்தக் கணக்கு நல்ல நியாயம். ஸ்கேனரில் ஒரே முறை கை வைத்தால் நான்கு விரலும் ஒன்றாக விழுந்துவிடும் என்பது இன்னொரு நியாயம். இரண்டு ஆட்காட்டி விரல்களை ஒவ்வொன்றாக வைக்கச் சொல்வதைவிட, ஒரு கையின் நான்கு விரல்களைச் சேர்த்து வைக்கச் சொல்வது பல நேரங்களில் விரைவாகவே முடியும்.

ஆனால் இந்தச் சராசரி எண்கள் ஒன்றை மறைக்கின்றன. 2005-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் வைன் அமெரிக்காவின் இரு விரல் முறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பட்டியலில் இருக்கும் ஒருவரின் ரேகை தெளிவில்லாததாக இருந்தால், அவர் பிடிபடும் வாய்ப்பு சுமார் 53 சதம்தான் என்று வந்தது. அதாவது நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். மறைய நினைப்பவர் தன் ரேகையைத் தானே தேய்த்துக் கெடுத்துக்கொள்ளலாம். அல்லது ரேகை மங்கிய ஆளாகப் பார்த்து அனுப்பலாம். பத்து விரலும் எடுத்தால் வாய்ப்பு 95 சதத்துக்கு ஏறும் என்பது அவர் கணக்கு. அமெரிக்கா 2007 நவம்பரில் பத்து விரலுக்கு மாறத் தொடங்கியது.

பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. குற்றம் நடந்த இடத்தில், ஒரு கண்ணாடித் தம்ளரிலோ கதவுப் பிடியிலோ கிடைக்கும் ரேகை எந்த விரலுடையது என்று சொல்ல முடியாது. நடுவிரலாக இருக்கலாம், மோதிர விரலாக இருக்கலாம். எல்லையில் ஆட்காட்டி விரலை மட்டும் வாங்கி வைத்திருந்தால் அந்தத் தடயத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. ஆகவே போலீஸ் தேடலுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகுப்பு என்றால் பத்து விரல் தேவை. எல்லைக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் என்றால், ரேகை தெளிவில்லாதவர்களைத் தவிர மற்றவர்களிடம் பத்து தேவையில்லை. இந்த இரண்டில் எது என்பதை ஒரு நாடு நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். நான்கு விரல் திட்டமாக ஒப்புதல் வாங்கிவிட்டுப் பின்னால் போலீஸ் தொகுப்பாக விரிப்பது ஏமாற்று வேலை.

கண்ணாடியில் விரல் ஏன் விழுவதில்லை

நம் ஊர் ரேஷன் கடையில் வயதானவர்கள் விரலை வைத்து வைத்து எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி புதிதாக இருக்காது. எல்லையில் இருப்பதும் அதே பிரச்சினைதான். விலை கூடிய கண்ணாடி, பின்னால் நிற்கும் நீள வரிசை, தெரியாத மொழி மூன்றும் கூடுதலாகச் சேர்கின்றன.

ஸ்கேனரில் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒளி போகிறது. ரேகையின் மேடுகள் கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி திரும்பி வராமல் கருப்பாகத் தெரியும். பள்ளங்கள் வெளுப்பாக இருக்கும். ஒரு அங்குலத்துக்கு 500 புள்ளி என்ற தரத்தில் படம் பதிவாகும். விரல் வறண்டிருந்தால் மேடு கண்ணாடியை முழுதாகத் தொடாது. கோடுகள் அறுந்து புள்ளி புள்ளியாக விழும். பல மணி நேரம் விமானத்தின் வறண்ட காற்றில் இருந்து இறங்குகிறவர்களுக்கு இது சாதாரணம். வியர்வையோ கிருமிநாசினியோ ஈரமாக இருந்தால் பள்ளங்களும் நிரம்பிக் கரிப்பூச்சாகிவிடும். பயத்தில் அழுத்தி வைத்தால் மேடுகள் நசுங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டும். முந்தைய ஆளின் எண்ணெய்த் தடம் கண்ணாடியில் தங்கியிருந்தால், அதன் மேல் இவர் ரேகை விழுந்து இரண்டும் கலந்த படம் வரும். ஜன்னல் வழியே வெயில் நேராகக் கண்ணாடியில் விழும் கவுன்டரில் காலையில் மட்டும் தோல்வி கூடும். ‘மெஷின் சரியில்லை’ என்று புகார் எழுதுவார்கள். திரை போட்டால் சரியாகிவிடும்.

செய்ய வேண்டியவை எளியவை. வறண்ட விரலென்றால் பயணியை நெற்றியிலோ மூக்கோரத்திலோ ஒருமுறை விரலைத் தடவிக்கொள்ளச் சொன்னால் அந்த எண்ணெய்ப் பசையே போதும். கண்ணாடி, சராசரி உயரமுள்ளவரின் முழங்கைக்குக் கீழே இருக்கும்படி மேசையை அமைக்க வேண்டும். மேலே இருந்தால் விரல் நுனி மட்டும் படும். அடையாளப் புள்ளிகள் நிறைந்த நடுப்பகுதி தப்பிவிடும். மூன்று முறை எடுத்து, மூன்றில் தெளிவானதை மென்பொருளே தேர்ந்து வைக்க வேண்டும். மூன்றாவது முறையும் விழாவிட்டால் அங்கேயே நிறுத்தி, முகத்தைக் கொண்டு முடித்து அனுப்ப வேண்டும். விரல் இல்லாதவருக்கும் கட்டுப்போட்டவருக்கும் அந்த இடத்தை வெறுமனே விடக்கூடாது. ‘விரல் இல்லை’ ‘கட்டு’ என்ற குறியீட்டைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை வரும்போது மென்பொருள் இவரை வேறு ஆளாக நினைக்கும். வலது கையை வைக்க வேண்டிய இடத்தில் இடது கையை வைத்துவிடுவதும் அடிக்கடி நடப்பது. அப்போது ஆட்காட்டி விரலைச் சுண்டுவிரல் என்று வெட்டிப் பதிந்துவிடும்.

சிலருக்கு எந்த உபாயமும் உதவாது. சிமென்டின் காரம் கொத்தனாரின் விரல் தோலை அரிக்கிறது. கல் உடைப்பவர், உப்பளத் தொழிலாளி, நாள் முழுக்கப் பாத்திரம் தேய்ப்பவர், முதியவர் என்று ரேகை மங்கியவர்கள் பெரும்பாலும் உழைத்துத் தேய்ந்தவர்கள். மருந்தும் காரணமாகலாம். 2008 டிசம்பரில் அமெரிக்கா போன 62 வயது சிங்கப்பூர்க்காரர் ஒருவரை நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். கேபசிட்டபின் என்ற புற்றுநோய் மாத்திரையால் அவர் விரல்களில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. அடுத்த ஆண்டு ஒரு மருத்துவ இதழில் இது வெளிவந்த பிறகு, இந்த மருந்து எடுப்பவர்கள் டாக்டரின் கடிதத்தோடு பயணிக்க வேண்டும் என்ற அறிவுரை பரவியது. ஒரு நோயாளி நான்கு மணி நேரம் குற்றவாளி போல உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அந்த மாத்திரை மட்டும் இல்லை. ‘விரல் விழாவிட்டால் என்ன செய்வது’ என்ற வரி அலுவலரின் கையேட்டில் போதிய தெளிவோடு இருந்திருந்தால் அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

ஏமாற்றுகிறவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுடோமு மட்சுமோட்டோ 2002-லேயே ஜெலட்டினால் செய்த போலி விரலை ஸ்கேனர்கள் ஏற்றுக்கொள்வதைக் காட்டினார். ஜப்பானிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண் விரலில் டேப் ஒட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனது பின்னர் தெரியவந்தது. 2009-ல் பிடிபட்ட இன்னொருவர் வலது, இடது விரல்களின் தோலை அறுவை செய்து இடம் மாற்றிக்கொண்டு நுழைந்திருந்தார். டேப்பையும் ஜெலட்டினையும் உயிருள்ள விரலா என்று சோதிக்கும் ஸ்கேனர் பிடிக்கும். இடம் மாற்றிய தோலை அது பிடிக்காது. ஒவ்வொரு விரலையும் பட்டியலில் உள்ள எல்லா விரல்களோடும் குறுக்காகத் தேடினால்தான் சிக்கும். டெண்டரில் இந்தக் குறுக்குத் தேடலைக் கேட்க மறந்தால் விற்பவர் தரமாட்டார். அதற்குக் கணினித் திறன் பல மடங்கு வேண்டும்.

விசா மையத்திலா, விமான நிலையத்திலா

விசா தேவைப்படும் நாட்டவருக்கு ரேகையை விசா மையத்திலேயே வாங்கிவிடுவது மேல். இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. விரல் விழாதது பயணத்துக்கு முன்பே தெரிந்துவிடும்; பட்டியலில் தேடவும் நேரம் கிடைக்கும். ஒருவரை மறுப்பதானாலும் அவர் சொந்த ஊரில் இருக்கும்போதே மறுக்கலாம். ஷெங்கன் விசாவுக்கு இந்தியாவில் 2015 நவம்பரிலிருந்து பத்து விரல் எடுக்கிறார்கள். ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்குள் அடுத்த விசாவுக்கு அதையே பயன்படுத்தலாம். அப்படி விசாவோடு போகும் நம்மவர்களின் ரேகையைப் புதிய ஐரோப்பிய எல்லை முறையில் மறுபடி சேமிப்பதில்லை. முகத்தை மட்டும் பதிகிறார்கள். கல்யாணம் முடிந்த கையோடு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். விரல் நுனியில் தொப்பி போட்ட மருதாணி இருந்தால் மையத்தில் திருப்பி அனுப்பக்கூடும்.

இதில் சுமை விண்ணப்பதாரர் தலையில் விழுகிறது. நாகர்கோவில்காரர் ஐந்து நிமிட வேலைக்கு ஒரு இரவு பஸ்ஸில் சென்னைக்கு வர வேண்டியிருக்கிறது.

விசா இல்லாமல் வரக்கூடியவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களை வாசலில்தான் பிடிக்க முடியும். வாசலில் எடுப்பதன் விலை நேரம். ஒரு விமானத்தில் 240 வெளிநாட்டவர், ஆறு கவுன்டர் என்றால் ஒரு கவுன்டருக்கு 40 பேர். ஆளுக்கு 30 விநாடி கூடினால் கடைசி ஆளுக்கு 20 நிமிடம் கூடும். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று விமானம் இறங்கினால் அந்த 20 நிமிடம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். ஜப்பான் இதற்குக் கண்ட வழி நல்ல வழி. 2016 முதல் சில விமான நிலையங்களில் சிறிய வண்டிகளில் ஸ்கேனரையும் கேமராவையும் பொருத்தி, வரிசையில் காத்திருக்கும்போதே ரேகையும் படமும் எடுக்கத் தொடங்கினார்கள். கவுன்டரில் விசாரணை மட்டும். காத்திருக்கும் நேரம் அப்படியே வேலை நேரமாகிவிடுகிறது. ஐரோப்பாவின் தானியங்கி நிலையங்களும் இதே எண்ணம்தான். படகுத் துறைகளிலும் சாலை எல்லைகளிலும் இது கடினம். காரில் குழந்தைகளோடு வரும் குடும்பத்தை இறக்கி நிறுத்த இடமே இல்லாத துறைமுகங்கள் உண்டு.

முகம்

முகத்துக்குப் பெரிய பலம், புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை என்பது. மின்னணுப் பாஸ்போர்ட்டுக்கான உலகத் தரப்படி அதன் சிப்பில் முகப்படம் கட்டாயம்; கைரேகை விருப்பம்தான், அதுவும் பூட்டிவைக்கப்பட்டிருக்கும். நின்று பார்த்தால் போதும். எதையும் தொட வேண்டாம். ஆனால் சிப் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு இந்த வசதி கிடையாது. இந்தியாவில் பொதுமக்களுக்குச் சிப் பாஸ்போர்ட் 2024-ல்தான் தொடங்கியது. பழைய பாஸ்போர்ட்டுகள் காலாவதியாகும்வரை நம்மில் பலர் தானியங்கிக் கதவுக்கு முன்னால் நிற்காமல் கவுன்டர் வரிசையில்தான் நிற்போம்.

தவறு எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை என்பது இதைவிடக் கடுமையான குறை. நிஸ்ட் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்களில் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்களுக்குத் தவறான பொருத்தம் வெள்ளையர்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக வந்தது. மென்பொருளுக்கு மென்பொருள் இது பெரிதும் வேறுபட்டது. ஆகவே வாங்குபவர் தன் எல்லைக்கு வரும் மக்களின் படங்களைக் கொண்டு சோதிக்கச் சொல்ல வேண்டும். இரட்டையர்களை முகம் பிரிக்காது, விரல் பிரிக்கும். இருவர் முகத்தை ஒன்றாகக் கலந்த படத்தைக் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கும் மோசடியும் இருக்கிறது. முதல் கேள்விக்கு முகம் போதும். பெரிய பட்டியலில் தேடும் இரண்டாவது கேள்விக்கு முகத்தை மட்டும் நம்பி ஒருவரைத் தடுத்து வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

கண்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு விமான நிலையத்தில் கண்ணைக் காட்டுவது பழகிய விஷயம். அமீரகத்தின் தேர்வில் ஆழ்ந்த நியாயம் இருந்தது. அங்கே வருகிறவர்களில் பெரும்பங்கு கட்டடத் தொழிலாளிகள்; அவர்கள் விரல் தேய்ந்திருக்கும், கருவிழி தேயாது. வெளியேற்றப்பட்டவர் புதுப் பெயரில் திரும்பி வருவதுதான் அவர்களுடைய முக்கியக் கவலை. கருவிழித் தேடலில் பெரிய பட்டியலிலும் தவறான பொருத்தம் மிகக் குறைவு. ஏமாற்றும் முயற்சி இங்கும் நடந்தது. கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு வந்தார்கள். கண்மணி அளவுக்கு மீறி விரிந்திருந்தால் கண்டுகொள்ளும்படி முறையை மாற்றினார்கள். கேமராவை நேராகப் பார்த்து, சரியான தூரத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்பதுதான் இதில் சிரமம். பூப்போட்ட கான்டாக்ட் லென்ஸ், கண் அறுவை செய்தவர், சிறு குழந்தை ஆகியவற்றில் தடுமாறும். மற்ற நாடுகளின் போலீஸ் பட்டியல்கள் ரேகையில்தான் இருக்கின்றன. கண்ணை மட்டும் எடுத்தால் அவற்றோடு ஒப்பிட முடியாது.

மரியாதையும் பதிலடியும்

கைநாட்டு என்ற சொல்லே தமிழில் எப்படி ஒலிக்கிறது என்பது நமக்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் ட்ரான்ஸ்வாலில் 1907-ல் ஆசியர்கள் எல்லோரும் ரேகை பதிந்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் காந்தியோடு நின்றவர்களில் முன்வரிசையில் இருந்தவர் தம்பி நாயுடு. 1908 ஆகஸ்ட் 16-ல் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வளாகத்தில் அந்தச் சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள். ஜப்பானில் தலைமுறைகளாக வாழ்ந்த கொரியர்கள் 1980-களில் ரேகை பதிய மறுத்துப் போராடினார்கள். அந்தக் கட்டாயம் 2000-ல் முழுதாக ஒழிந்தது. 2007-ல் எல்லையில் ரேகை திரும்பி வந்தபோது, அவர்களில் சிறப்பு நிரந்தரவாசிகளுக்கு விலக்கு தர வேண்டியதாயிற்று. அமெரிக்கா தொடங்கிய அதே 2004 ஜனவரியில் பிரேசில் நீதிமன்றம் ஒன்றின் உத்தரவால் அங்கே இறங்கிய அமெரிக்கர்களின் ரேகையை எடுத்தார்கள். மணிக்கணக்கில் வரிசை நின்றது. ரேகை எடுக்கத் தொடங்கும் நாடு, தன் குடிமக்களிடம் பிறர் பதிலுக்கு எடுப்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை காலம் வைத்திருப்பது என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய எல்லை முறை மூன்று ஆண்டு வைத்திருக்கிறது. வெளியேறிய பதிவு இல்லாவிட்டால் ஐந்து. அமெரிக்கத் தொகுப்பில் 75 ஆண்டு. 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் ரேகை திருடப்பட்டது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை என்ன செய்வது? குறைவாக எடுத்து, சீக்கிரம் அழிப்பதுதான் இருக்கும் ஒரே நல்ல காப்பு.

எங்கள் தேர்வு

விசா தேவைப்படுபவருக்கு: விசா மையத்தில் பத்து விரல், எல்லையில் முகம், முகம் பொருந்தாதவருக்கு மட்டும் இரண்டு விரல் சரிபார்ப்பு.

விசா இல்லாமல் வருபவருக்கு: முதல் வருகையில் நான்கு விரலும் முகமும், காத்திருக்கும் வரிசையிலேயே. மூன்றாண்டுக்குள் திரும்பி வந்தால் முகம் போதும். படம் தெளிவில்லை என்று மென்பொருள் சொன்னால் அந்த ஒருவருக்கு மட்டும் அடுத்த கையையும் எடுக்கலாம். நூறு பேரில் 95 பேரின் நேரத்தை மிச்சம் பிடித்து ஐந்து பேருக்குச் செலவிடுவது போல இது. குழந்தைகளின் விரல் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஐரோப்பா வைத்த 12 வயது வரம்பு பொருத்தமாகத் தெரிகிறது. ஜப்பானில் 16, கொரியாவில் 17.

தொழிலாளர் வரத்து மிகுந்த, வெளியேற்றப்பட்டவர் திரும்பி வருவதையே முதன்மையாகக் கவனிக்கும் நாட்டுக்கு: கண். விரலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெளியேறும் வாசலில் எல்லோருக்கும் முகம். நுழைவு, வெளியேற்றம் இரண்டையும் பதிய வேண்டும் என்று அமெரிக்கா 1996-லேயே சட்டம் போட்டது. எல்லா வெளிநாட்டவரையும் வெளியேறும்போது படம் எடுக்கும் விதி 2025 டிசம்பர் 26-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் இருந்த தடை பெரும்பாலும் கட்டடம்தான்: அமெரிக்க விமான நிலையங்களில் வெளியேறும் பயணிக்கென்று இமிக்ரேஷன் கூடமே கிடையாது. நீங்கள் புது முனையம் கட்டுகிறீர்கள் என்றால், ஸ்கேனருக்கு டெண்டர் விடும் முன்பே வரைபடத்தில் அந்தக் கூடத்துக்கு இடம் விடுங்கள்.